கை நனைக்காமல் திரும்பி வரச் சொன்ன மச்சானுக்கு

வேங்கிக்கால்,
வியாழக்கிழமை காலை.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் சகாதேவன் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய ராமதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சந்திரகலாவும் நலம். கீழ்பென்னாத்தூரில் தாங்களும், பொன்னி அக்காவும், களத்தில் காய்கிற மல்லாட்டைக் கடலையும் மழைக்குத் தப்பி நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். போனில் நான் "மச்சான்" என்று ஆரம்பிப்பதற்குள் "இன்னா மாப்ள, வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா" என்று கேட்டுவிடுவீர்கள். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. கலெக்டர் ஆபீஸ் பதிவறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். தைரியம் எல்லாம் காகிதத்தில்தான் வரும். ஆகவே கீழ்பென்னாத்தூர் வேன் டிரைவர் வசம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படவும்.

பார்வை: கடந்த ஞாயிறு தாங்கள் பிறப்பித்த வாய்மொழி உத்தரவு. அதாவது, என் பெண் கவிநிலா பெங்களூரில் தன்னோடு வேலை செய்யும் ஆதவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். அந்தப் பையன் வீடு கோலார் தங்கவயலில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே இருந்துகொண்டு ரயிலில் வேலைக்குப் போவோம் என்கிறார்கள். "சொரங்கம் மூடி இருவது வருசத்துக்கு மேல ஆவுது. அழிஞ்சிபோன ஊருக்குப் பொண்ணு குடுக்கறதா? நீங்க போங்க, வீட்டப் பாருங்க, ஊரப் பாருங்க, கை நனைக்காம வந்துடுங்க" என்றீர்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று ஆகிவிடும், பிறகு பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது என்ற நம் முறையை நான் மறப்பேனா? நேற்றுப் போய் வந்தேன். அதன் அறிக்கைதான் இது.

முதலில் போக்குவரத்து. இருட்டோடு கிளம்பி, பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறிப் பங்காருப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். அங்கே தங்கவயல் ரயில் என்று எழுதியிருந்ததில் ஏறினேன் என்று சொல்வதைவிட, ஏற்றப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி. அது தங்கவயலிலிருந்து பெங்களூர் போகிற ரயில். அந்த ஊரில் காலையில் எல்லாரும் வேலைக்காக வெளியேதான் போகிறார்கள் மச்சான், உள்ளே போகிறவன் நான் ஒருத்தன்தான். பெட்டிக்குள் ஒரு அம்மா பீன்ஸ் நறுக்குகிறார், நாலு பேர் சீட்டு ஆடுகிறார்கள், ஒருத்தர் பூ கட்டுகிறார், எல்லாரும் நம் பக்கத்துத் தமிழ் பேசுகிறார்கள். நான் சந்திரகலா கட்டிக்கொடுத்த நாலு அடுக்குக் கேரியரை மடியில் வைத்து விழித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து என்னை உட்கார வைத்துவிட்டு, "மாமா, நீங்க எங்க வீட்டுக்குத்தான போவணும்? எதிர்ப்பக்கமா போறீங்க" என்றான். அவன்தான் ஆதவன்; கவிநிலா காட்டியிருந்த போட்டோவை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டானாம். போட்டோவில் பார்த்ததைவிட நிறம் கொஞ்சம் கம்மி. அடுத்த நிலையத்தில் என்னோடு இறங்கி, திரும்பிப் போகிற ரயில் வரும்வரை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, என்னை ஏற்றிவிட்டு, அதன்பிறகு வேலைக்குப் போனான். அரை நாள் லீவு போயிற்று. வழி தெரியாத ஒரு கிழவனுக்காக வேலையை விடுகிறவனுக்குப் பொறுப்பு இருக்குமா என்பதைத் தாங்களே யோசிக்கவும்.

அடுத்தது வீடு. வீடு என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு. கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் படும். ஆதவனின் அம்மா ஜோதியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கண்ணா" என்று கேரியரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த ஊரில் பெரியவர்கள் வந்தால் சுமையை வாங்கி வைப்பார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அதுதான் தப்பு. அந்தக் கேரியர், அவர்கள் வீட்டில் சாப்பிடாமல் இருப்பதற்காகச் சந்திரகலா எனக்குக் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. அந்த அம்மா அதைப் பெண் வீட்டுச் சீர் என்று நினைத்துவிட்டார். உங்கள் தங்கைக்கு ஒரு ஆளுக்குக் கட்டத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் லைனில் இருக்கிற பதினாலு வீட்டுக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருத்தராக வந்து, "புளிச்சோறு ரொம்ப நல்லா இருந்துச்சிங்க, உப்பு மட்டும் ஒரு கல்லு ஜாஸ்தி" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். ஆக நான் கை நனைக்கவில்லை. ஆனால் அந்த ஊரே நம் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டது. இதற்கு நம் முறையில் விதி ஏதாவது இருக்கிறதா என்று ரயில் பூராவும் யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

ஒரு கடையில் போய்ச் சாப்பிட்டுவிடலாம் என்று நைசாகக் கிளம்பினேன். கடைக்காரர், "யாரு வீட்டுக்கு வந்துக்கிறீங்க?" என்றார். சொன்னேன். "ஜோதியம்மா வீட்டு விருந்தாளிக்கு நான் சோறு போட்டன்னா அவங்க என்ன சும்மா உடுவாங்களா? டீ வேணா குடிங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கும் காசு வாங்கவில்லை. வியாபாரம் தெரியாத ஊர்.

ஊரைப் பற்றி. மண் மண்ணாகப் பறக்கிறது. தண்ணீர் எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. பூட்டிக்கிடக்கிற பெரிய இரும்புக் கதவுகளைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, சுற்றிப் பார்க்கப் போவதற்கு லாயக்கே இல்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை. சாயங்கால வெயில் மாதிரி மஞ்சளாக, உச்சி தட்டையாக இருந்தது. மச்சான், நம் ஊர்க்காரனுக்கு மலை கண்ணில் பட்டால் கை தானாக மேலே போய்விடும். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இதச் சுத்தி வர எவ்ளோ நேரம் ஆவும்மா?" என்று கூட வந்த ஜோதியம்மாளிடம் வேறு கேட்டுவிட்டேன். அது மலையே இல்லை. கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய சயனைடு மண்மேடு. அந்த அம்மா சிரிக்கவில்லை. "உங்க ஊரு மலைய சாமி குடுத்தாரு. இத எங்க ஆளுங்க அள்ளிக் கொட்டுனாங்கண்ணா. எங்க வீட்டுக்காரரு சொரங்கத்துல எறங்கறதுக்கு முன்ன இப்பிடித்தான் ஒரு கும்புடு போடுவாரு. அவரு போனப்பறம் யாரும் கும்புட்டு நான் பாக்கல" என்றார். பிள்ளையோடு பெங்களூருக்கே போய்விடலாமே என்று கேட்டேன். "சொரங்கத்ததான மூடுனாங்க. எங்கள மூடலியே" என்றார். பிடிவாதக்காரர். மாமியாராக வந்தால் கவிநிலா எப்படிச் சமாளிப்பாள் என்பதையும் பரிசீலிக்கவும்.

நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பௌர்ணமி வந்தால் லட்சம் பேர். நான் கேட்டைத் திறந்து வண்டியை வெளியே எடுக்க முடியாது. மாடியில் குடியிருக்கிற வெள்ளைக்காரர் எங்களைவிட அதிகமாகக் கோயிலுக்குப் போகிறார். தாங்கள் பார்த்து வைத்திருக்கும் பிரசாத்துக்குச் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்திலேயே நாலு மாடி கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. போன மாதம் நாம் சம்பந்தம் பேசப் போனபோது, எத்தனை நாளைக்கு ரூம் வேண்டும் என்று நம்மையே கேட்டான்; அவ்வளவு தொழில் அக்கறை. உலகமே நம் ஊருக்கு வருகிறது. நம் பிள்ளைகள்தான் இருப்பதில்லை. கவிநிலா பொங்கலுக்கு வந்தாள், இனி தீபாவளிக்கு வருவாள். அந்த லைனில் வேலை ஒன்றுமே இல்லை, ஆனாலும் பிள்ளைகள் எத்தனை மணிக்கானாலும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஆகவே, மேற்கண்ட காரணங்களால், அந்த ஊர் பார்ப்பதற்கும் ஏற்றதல்ல, வாழ்வதற்கும் ஏற்றதல்ல. பிற்பகல் மூன்று மணி வரை நான் கை நனைக்கவில்லை. ஐந்து மணி ரயிலில் திரும்பிவிட்டேன் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பெண்ணுக்குத் தாய்மாமன் தாங்கள். முடிவு தங்களுடையது.

பொன்னி அக்காவுக்கு என் வணக்கம். வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், நல்ல விலைக்கு மல்லாட்டை போட்டு நிறைவாக இருக்க வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
ராமதாஸ்

பின்குறிப்பு: மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மூன்றரைக்கு அந்த அம்மா உள்ளே தனக்கு மட்டும் ஒரு இலையைப் போட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. காலையில இருந்து நானும் சாப்புடல. நீங்க சாப்புட மாட்டீங்கன்னு தெரியும், மொற எங்களுக்கும் இருக்குது. செத்த வெளிய உக்காருங்க" என்றார். வெளியே உட்கார்ந்தேன். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தே நாலு பேருக்கு ஆக்கி வைத்திருந்தார். "இன்னொரு எல இருக்குதாம்மா?" என்று கேட்டேன். இலையை அவர் போடவில்லை மச்சான். நானே கேட்டு வாங்கி, நானே விரித்து, மூன்று தரம் குழம்பு வாங்கினேன். பசியில் சாப்பிட்டுவிட்டான் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: அந்த வாசலில் உட்கார்ந்து, நம் பெண் அந்த வீட்டுக்குள் நடமாடுவதை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பயமே வரவில்லை. பயப்படாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

வருகிற புதன்கிழமை தட்டு மாற்ற அவர்கள் பதினொரு பேர் தங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பொன்னி அக்காவிடம் உப்பை மட்டும் ஒரு கல் குறைக்கச் சொல்லவும். கவிநிலாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை, சந்திரகலாவையும் சொல்லவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் போன் செய்து, அப்பா எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல், "மாமா இன்னா சொன்னாரு?" என்றுதான் கேட்கிறாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிந்துவிடும். நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.