முதலாளியின் வெள்ளைக் கோட்டு

"ஊரான் கோட்டை இரவல் குடுக்கச் சொல்லி உங்களை யாரு கேட்டா?" என்றாள் பூவம்மா.

பிராஸ் பாசா ஓடைக்கரையில் துணி வெளுக்கும் அவள் கணவன் கோவிந்தசாமி கோட்டைத் துவைகல்லில் விரித்துப் போட்டான். வெளுக்க வந்த காதர் மைதீன் முதலாளியின் கோட்டை, நேற்று நிக்காஹ் நடந்த நூருல் அமீனுக்கு ஒருநாள் போட்டுக்கொள்ளக் கொடுத்திருந்தான். ஊரில் பாதி சலவைக்காரர்கள் செய்கிற காரியம்தான். ஆனால் கோட்டு திரும்பி வந்தபோது, நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறிக்குழம்பின் மஞ்சள் கறை.

சாயங்காலம் முதலாளி வீட்டில் கோட்டைச் சேர்க்க வேண்டும். விஷயம் வெளியே தெரிந்தால் சிராங்கூன் ரோட்டில் ஒரு வீட்டிலும் அவனுக்கு அழுக்குத்துணி கிடைக்காது.

சவுக்காரம் போட்டுத் தேய்த்தான். மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறியது.

"கத்திக்குத்து வாங்கின ஆளு கோட்டு மாதிரி இருக்கு."

"வாயை மூடிக்கிட்டு எலுமிச்சம்பழம் கொண்டா."

புளிப்பு பட்டதும் சிவப்பு ஓடிப்போய் மறுபடி மஞ்சள் வந்து உட்கார்ந்தது. சோடாக்காரம் கரைத்து ஊற்றினான். திரும்பவும் சிவப்பு. ஆத்திரத்தில் இரண்டையும் சேர்த்துக் கொட்டினான். கோட்டு புஸ்ஸென்று நுரைத்து அடங்கியது. வெயிலில் காய்ந்த பிறகு மஞ்சளும் அப்படியே இருந்தது, அதன்மேல் வெள்ளைப் பொருக்கும் படிந்திருந்தது. பூவம்மா அதைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு. புளிப்பும் காரமும் அடிச்சுக்கிட்டு உப்பாப் போச்சு. இனிமே இதுல ஊறுகாய்தான் போடணும்."

கோவிந்தசாமி அடுத்த தெரு நகைப் பத்தரிடம் ஓடினான்.

"கொஞ்சம் திராவகம் குடுங்க பத்தரே."

"குடுக்கிறேன். ஆனா நிறையத் தண்ணி விட்டு..."

பத்தர் முடிப்பதற்குள் இவன் ஓடைக்கரைக்கு வந்துவிட்டான். அப்படியே கறைமேல் ஊற்றினான். கறை போயிற்று. கறை இருந்த இடமும் போயிற்று. ஓட்டை வழியாகப் பூவம்மாவின் முகம் முழுசாகத் தெரிந்தது.

வேறு வழியில்லை. உண்மையைச் சொல்லிக் காலில் விழுவதென்று கோட்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். முதலாளி வீட்டில் சமையல் செய்யும் ஜைனப் வாசலுக்கு வந்தாள்.

"முதலாளி கோட்டு விஷயமா..." என்று இழுத்தான்.

"அதை இங்க குடுக்க வேணாம் அண்ணே," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "நேத்து நிக்காஹ்ல நம்ம முதலாளி கை தவறி மாப்பிள்ளை கோட்டுமேல குழம்பைக் கொட்டிட்டாங்க. வெட்கம் தாங்கலை. அதுக்கு ஈடா, உங்ககிட்ட வெளுக்கப் போட்ட தன்னோட கோட்டை அந்த மாப்பிள்ளைக்கே குடுத்துடச் சொல்லிட்டாங்க."