இரைச்சலுக்கு ஒரு வக்கீல்

செகண்டி ஊரின் ரயில்வே ஓய்வூதியக்காரர் ஃபீஃபி அன்சா, வாழ்க்கையில் முதல்தடவையாக மலிவான சாமானுக்காக மன்றாடினார். கடைக்காரனே மிரண்டுபோனான்.

விஷயம் இதுதான். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் டாக்கராடி கிளப்பில் ஒரு நடன நிகழ்ச்சி. ஃபீஃபி அந்த இசைக்குழுவில் இரண்டாவது கிட்டார். அன்றைய கேசட்டை மகன் இரைச்சலைக் களைந்து கைபேசிக்கு மாற்றி அனுப்பியிருந்தான். அதை வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயரில் நன்றாகக் கேட்க 'டேக்' என்ற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். எண்களாகக் கிடக்கும் பாட்டை அதுதான் ஒலியாக்கித் தரும். கையைக் கடிக்காத விலையில் இரண்டு இருந்தன. ஒன்று படு தெளிவு. இன்னொன்று அதில் பாதி விலை, ஓயாத ரீங்காரம் இலவசம்.

தெளிவானதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டவர் அதைச் சட்டென்று கழற்றினார். பாட்டின் நடுவே வரும் பிரமாதமான தனி கிட்டார் வாசிப்பு முடிந்ததும் குழுத் தலைவர் கத்துகிறார்: "சபாஷ்டா எபோ!" கேசட் இரைச்சலில் இத்தனை காலம் புதைந்து கிடந்த, முதல் கிட்டார்காரனின் பெயர். அந்த வாசிப்பு தன்னுடையது என்று சொல்லித்தான் அவர் மனைவி எகுவாவிடம் இன்றுவரை மார்தட்டி வருகிறார்.

ரீங்காரப் பெட்டியோடு வீடு திரும்பினார்.

"வேற நல்லது இல்லியாங்க?" என்றாள் எகுவா.

"இருந்துச்சு. ஆனா அது ரொம்பத் தெளிவு. காதுக்கு ஆகாது."

"தெளிவு காதுக்கு ஆகாதா?"

"நம்ம வயசுக்கு ஆகாது. டாக்டருங்களே சொல்றாங்க."

"எந்த டாக்டரு?"

"பொதுவா சொல்றாங்க."

எகுவா மீன் பொரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். செருப்பு வாங்கினாலும் கடையிலேயே உசத்தி எதுவென்று கேட்கிற மனுஷன். பிறகு மீனைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் மாலை தெருமுனையில் நண்பர்களோடு கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடிவிட்டு வந்தவரை வாசலிலேயே பாட்டு பிடித்துக்கொண்டது. டிரம்பெட்டுகள், மரத்தரையில் செருப்புகள் தேய்கிற ஓசை, பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லாத அந்தக் கும்பலின் சிரிப்பு. ஃபீஃபி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அந்த இருபத்தாறு வயசு திரும்பி வராதா என்று ஏங்கினார். ரீங்காரம் எங்கே போயிற்று என்று உறைத்தபோது காரியம் கைமீறிவிட்டது.

"சபாஷ்டா எபோ!"

எகுவா கைபேசியை நிறுத்தினாள். "பெட்டிய மாத்திட்டு வந்துட்டேன். நீங்க சிக்கனம் பேசினா ஏதோ மறைக்கிறீங்கன்னு தெரியாதா?"

ஃபீஃபி நாற்காலியில் சரிந்தார். "கோவமா?"

"எதுக்கு? எபோதான் வாசிச்சாருன்னு அன்னைக்கே தெரியும். மேடைக்குப் பக்கத்துலதானே நின்னேன்."

"அப்புறம் ஏன் இத்தனை வருசமா தலைய ஆட்டிட்டுக் கேட்டே?"

"நீங்க சொல்றப்ப உங்க முகம் நல்லாருக்கும்."

கிழவருக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் தெம்பும் வந்தது. "நல்லா வாசிக்கிறவன் நெத்தியிலதானே நம்மூர்ல பணநோட்ட ஒட்டுவாங்க? அப்போ எபோ இருந்தும், நீ மேடையேறி வந்து என் நெத்தியிலதானே ஒட்டினே? அது எதுக்காம்?"

எகுவா சிரித்தாள். "எபோ நெத்தியில இடமே இல்லீங்க. உங்க நெத்திதான் காலியா இருந்துச்சு."