கிடாவின் கழுத்தில் தொங்கும் நான்

பிஷ்கெக், ஒன்பதாம் மாடி
(லிஃப்ட் இன்றும் ஓடவில்லை)

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி காலிபெக் அவர்களுக்கு,

ஒமுர்சாக் தலை வணங்கி எழுதுவது. உங்கள் ஆடு, மாடு, குதிரைகள் நலமா? அதற்கடுத்து ஆட்களும் நலமா? தங்களிடம் இருப்பது ஒரு காரும் ஒரு பூனையும்தான் என்று தெரியும். இருந்தாலும் கால்நடையை விசாரிக்காமல் மனிதரை விசாரித்தால் எங்கள் மலையில் மரியாதை இல்லை என்பார்கள். காரும் பூனையும் நீடூழி வாழ்க.

வெள்ளிக்கிழமையிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. "ஞாயித்துக்கெழம மலைக்குப் போயி எம்பொண்ணக் கூட்டிட்டு வந்துருவேன்! ஒன்பதாம் மாடிக்குத்தான்யா கட்டிக் குடுத்தேன், குதிரப்பால் கறக்க இல்ல!" என்று கத்திவிட்டு வைத்தவர் வைத்தவர்தான். ஆகவே இந்தக் கடிதத்தைத் தங்கள் ஊரான தோக்மோக் போகும் மினிபஸ் ஓட்டுநரிடம் தங்கள் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். சம்பந்தி, கெஞ்சிக் கேட்கிறேன், பெகாயிமை அழைத்துப் போகாதீர்கள். அவள் இறங்கினால் என் மகன் தனியாகிவிடுவான், மந்தை சிதறிவிடும், ஊரே வந்து சாப்பிட்டு வாழ்த்திய கல்யாணம் ஊர் வாயில் விழுந்துவிடும்.

குற்றம் யாருடையது என்று கேட்டால், என் மகன் பயஸ்தானின் ஆபீசுடையது. வாடகை மிச்சம் என்று கட்டடத்தையே விட்டுவிட்டு, எங்கிருந்தாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனும் தங்கள் மகளும் காற்று வாங்க என்று எங்கள் சூசாமிர் மேய்ச்சல் மலைக்கு வந்தார்கள், கம்ப்யூட்டரைக் கூடாரத்துக்குள் வைத்தார்கள், வாங்கிய காற்று போதவில்லை போலும், கிளம்பவே இல்லை. ஒருநாள் அவன் சொன்னான்: "அப்பா, நீங்க இவ்ளோ வருஷம் பனியிலயும் காத்துலயும் அலைஞ்சது போதும். எங்க வீட்டுல போயி சொகமா இருங்க. மந்தைய நாங்க பாத்துக்கிறோம்." நான் கேட்டேன்: "எலேய், மந்தைய விட்டுட்டு நான் அங்க என்னத்தடா கிழிக்கப் போறேன்?" அவன் சிரித்தான்: "இப்பல்லாம் எந்த வேலையும் எங்கேருந்தும் பாக்கலாம்பா." அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பிவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை. அண்டை அயலாருக்கு ஆடு அறுத்து விருந்து வைத்தேன். அவர்கள் கையேந்தி, "நகரத்துல நல்லா இரு" என்று வாழ்த்தி வழியனுப்பினார்கள். என் தொப்பியை மகன் தலையில் வைத்துவிட்டு இறங்கினேன். என் வீட்டுக்காரி சொனுனும் என்னோடு வந்தாள். வந்தவள் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். வெளியே எடுத்ததும், "இந்தப் பொட்டிக்குள்ள வாழ நான் என்ன கோழியா?" என்று கேட்டுவிட்டு மறுநாளே மலையேறிவிட்டாள். அவளை யாரும் வாழ்த்தி அனுப்பவில்லை, எனவே திரும்பிப் போக அவளுக்கு வெட்கமும் இல்லை.

எனக்கு அப்படியில்லையே. ஆகவே இங்கிருந்தே மேய்க்கத் தொடங்கினேன். மந்தைக்கு முன்னால் நடக்கும் கிடாவின் கழுத்தில் பயஸ்தான் ஒரு போனைக் கட்டினான். அதன் கண்ணில் படுவதெல்லாம் இங்கே சுவரளவு டிவியில் தெரிகிறது. நான் கத்துவதெல்லாம் கிடாவின் தாடிக்குக் கீழே கேட்கிறது. தாங்கள் சீராகக் கொடுத்த சோபாவில் சவுக்கோடு உட்கார்ந்து, விடிந்ததும், "எந்திரிடி தடிச்சி! வெயில் ஏறிடுச்சு, இன்னும் என்ன படுக்க!" என்று ஒரு குரல் கொடுத்தால் மந்தை எழுந்துவிடும். கூடவே எட்டாம் மாடி ஜினாய்தா பெத்ரோவ்னாவும் எழுந்துவிடுவார். தன்னைத்தான் சொல்கிறேன் என்று அந்த அம்மாள் மேலே வந்து என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். மறுநாள் நான் கத்தவில்லை, அவர் வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறார். மறுபடி மேலே வந்து, "ஏன் இன்னிக்கி என்னத் திட்டல?" என்று சண்டை போட்டார். இப்போது அவருடைய தங்கையையும் சேர்த்துத் திட்டச் சொல்லிக் கேட்கிறார்.

இனித்தான் விபரீதம். போன வாரம் பயஸ்தான் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தான். அல்மாட்டியில் இருக்கும் மேலதிகாரி அம்மாள் முதல் எல்லோரும் திரையில் வரிசையாக இருந்தார்களாம். ரொட்டி வாசனை பிடித்துக்கொண்டு கிடா கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டது. என் டிவியில் கம்பளிச் சுவர்தான் தெரிந்தது, அதைப் பனிமூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். மந்தை நகரக் காணோம், எனக்கு ரத்தம் கொதித்தது. "எவ்ளோ நேரம்டா ஒரே எடத்துல நின்னு மென்னுக்கிட்டே இருப்பீங்க? நேத்து மென்னதையே இன்னிக்கும் மெல்லுறீங்க! முன்னால நிக்கிற கொழுத்ததே, உன்னாலதான் எல்லாம் நிக்குது, நகரு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டத்தில் கொழுத்தது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். கடைசியில் மேலதிகாரி அம்மாள், "பெரியவர் சொல்றது சரிதான்" என்று எழுந்துவிட்டாராம். மாதக்கணக்கில் முடியாத விஷயம் அப்போதே முடிந்துவிட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டத்துக்குக் கிடாவை அழைத்து வரச் சொல்லி உத்தரவு. ஆகவே மாப்பிள்ளை வேலை போய்விடும் என்ற கவலையும் தங்களுக்கு வேண்டாம்.

பெகாயிமின் கன்னம் வெயிலில் வெடித்திருப்பது உண்மைதான். ஆனால் அவள் குதிரையில் உட்கார்ந்தபடியே கணக்கு வேலையையும் முடித்து, பாலையும் கறந்துவிட்டுப் பாடுகிறாள், சம்பந்தி. இந்த ஒன்பதாம் மாடியில் அவள் பாடி யாராவது கேட்டதுண்டா?

என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கிறேன். தங்கள் சோபா மிகவும் மெத்தென்று இருப்பதால் தரையில்தான் படுக்கிறேன். ஆபீஸ் கூப்பிடுகிறது, ஜினாய்தா கூப்பிடுகிறார். மலையிலிருந்துதான், "வாங்க, வந்து பாத்துட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை வரவில்லை. வாழ்த்தி அனுப்பியவர்கள் முன்னால் கூப்பிடாமல் எப்படிப் போய் நிற்பது? தாங்கள் மகளிடம் பேசும்போது, நான் சொன்னதாக இல்லாமல், பேச்சுவாக்கில் இதைக் காதில் போட்டால் நன்றியோடு இருப்பேன்.

தங்கள் கூரை உயரட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், பூனை குட்டி போடட்டும். பெகாயிம் இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

தங்கள் அன்புச் சம்பந்தி,
ஒமுர்சாக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை தங்களுக்கு அடித்துப் பார்த்தேன். மணி என் டிவிக்குள் கேட்டது. திரும்பிப் பார்த்தால், என் செவலைக் குதிரைமேல், என் தொப்பியைப் போட்டுக்கொண்டு, குதிரைப்பால் ஒட்டிய மீசையோடு தாங்கள்! பையிலிருந்து போனை எடுத்தீர்கள், என் பெயரைப் பார்த்தீர்கள், மறுபடி பைக்குள் போட்டீர்கள். பின்னாலிருந்து தங்கள் மகள், "அப்பா, கெடாவுக்கு எதுக்கால போகாதீங்க, மாமா பாத்துருவாரு!" என்கிறாள். என் சொனுன் சிரிக்கிறாள். சம்பந்தி, தங்களை யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடாமலே போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். இது இவ்வளவு சுலபம் என்று யாராவது எனக்குச் சொன்னீர்களா?

மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மகளைக் கூட்டிப் போவதாகச் சொன்னீர்களே, அதைச் செய்யுங்கள். இல்லை, வேண்டாம், அவள் இருக்கட்டும், தாங்கள் மட்டும் கிளம்பி இந்த ஒன்பதாம் மாடிக்கு வந்து சேருங்கள். வீட்டுச் சாவியை ஜினாய்தாவிடம் கொடுத்துவிட்டேன். விடிந்ததும் அவரைத் திட்ட மறக்காதீர்கள். இந்தக் கடிதத்தை மினிபஸ்காரரிடம் கொடுக்கப் போவதில்லை, நானே கையில் கொண்டு வருகிறேன். அதற்குள் குதிரையை விட்டு இறங்கிவிடுங்கள்.