மரத்து டிரசரும் சும்மா மரங்களும்

உலகத்து வைத்தியத்தையெல்லாம் மரத்துக்குச் செய்துவிட்டு, தனக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் விபூதி கேட்டு வருகிற ஆள் மலாயாவிலேயே ஒருவர்தான்: எங்கள் மரத்து டிரசர்.

கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டையிட்ட அவசரகாலம் அது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எங்கள் தோட்டம். எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி. லயத்து ஜனங்களுக்கு மருந்து கொடுப்பவரை டிரசர் என்போம். இவரோ கிழட்டு ரப்பர் மரப் பட்டையில் மருந்து பூசினால் பால் கூடுமா என்று பார்க்கக் கம்பெனி அனுப்பியவர், ஆகவே மரத்து டிரசர். சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. அவருடைய மரங்களில் நான்தான் பால் வெட்டினேன்.

வேலிக்கு வெளியே சோறு, குழம்பு எதுவும் போகக்கூடாது, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். டிரசரின் மருந்தோ செம்பனை எண்ணெயில் குழைத்தது, பார்க்கக் குழம்பு மாதிரியே சிவப்பு. கேட்டில் காவலுக்கு நின்ற முத்து வாளியைத் திறந்தான்.

"என்னய்யா, மீன் குழம்பா?"

"மரத்துக்கு."

"மரம் குழம்பு சாப்பிடுதா? யாருகிட்ட கதை விடுறீங்க?"

"மோந்து பாருலா."

மோந்தான். அன்று அவன் வீட்டுச் சோறுகூட மண்ணெண்ணெய் வாடை அடித்ததாம். அதற்கப்புறம் டிரசரைத் தூரத்தில் கண்டாலே கேட்டைத் திறந்துவிடுவான்.

ஒரு வரிசைக்கு மருந்து, அடுத்த வரிசைக்கு ஒன்றும் கிடையாது. அவை 'சும்மா மரங்கள்'. மாரியம்மன் திருவிழாவுக்குப் பூசாரி வந்து மருந்து வரிசைக்கு விபூதி இட ஆரம்பித்தார். டிரசர் ஓடிவந்தார்.

"சாமி, பூசுனா ரெண்டு பக்கமும் பூசுங்க. இல்லேன்னா பால் கூடுனது என் மருந்தாலயா, ஆத்தாளாலயான்னு துரைக்கு என்ன எழுதுவேன்?"

பூசாரி அத்தனை மரத்துக்கும் குனிந்து நிமிர்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

அப்போதெல்லாம் துரை வாராவாரம் ஜீப்பில் வந்து நிற்பார். "பால் கூடுதா?" கூடியது. கொஞ்ச காலத்தில் அதே மாதிரி மருந்து டின்னில் அடைத்துக் கடைக்கே வந்துவிட்டது. ஜீப் வருவது நின்றது. பலிக்குமா என்ற கேள்வி போய், எவ்வளவு சீக்கிரம் பூசலாம் என்பதே கம்பெனியின் கேள்வி ஆயிற்று. டிரசருக்கு வேறு கவலை.

"இப்படிக் கறந்தா மரம் தாங்குமா? அது தெரிய இன்னும் சில வருஷம் பாக்கணும்லா."

தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொன்னார்: "சோதனை முடிஞ்சுது. திங்கட்கிழமை துரை வர்றாரு. மரத்தையும் வெட்டச் சொல்லுவாரு, உங்களையும் அனுப்பிடுவாரு."

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி கேட்டார்: "பேரு, நட்சத்திரம்?"

"மரத்து டிரசருன்னு சொல்லுங்க சாமி. நட்சத்திரம் தெரியல."

"ஆத்தாளுக்குத் தெரியும்," என்று முதுகைத் தடவிக்கொண்டே கற்பூரம் ஏற்றினார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், 'சோதனை மரங்கள்' பலகை இருந்த இடத்தில் சாயம் காயாத புதுப் பலகை: 'மருந்து பூசும் பயிற்சி'. பக்கத்தில் டிரசர், கை நிறைய பிரஷ். துரை ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"பூசத் தெரியாதவன் பூசுனா டின்னு டின்னா மருந்து வீணாப் போகும் துரை. இங்க பழகிட்டுப் போகட்டும்."

துரையின் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. அந்த மரங்களுக்கு ஏன் பூசல?"

"பூசலேன்னா எப்படி இருக்கும்னு ஆளுங்களுக்குக் காட்ட வேணாமா?"

அதே மரங்கள், அதே கேள்வி, அதே சம்பளம். தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்துகூட லோரியில் ஆட்கள் வந்து பழகினார்கள். சும்மா மரங்களை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது.

"எல்லாம் ஆத்தா செயல்," என்றேன்.

"பலகை எழுதுனது நான்லா."

"சரி, பாதிப் பாதி."

இன்றும் குடும்பத்துக்கு அர்ச்சனை வைத்தால் கடைசியில் அந்தப் பெயரையும் சொல்வேன். நட்சத்திரம் கேட்டால், இருபத்தேழுக்கும் சேர்த்தே பண்ணுங்க சாமி என்பேன். எது பலித்தது என்று எனக்குத் தெரிய வேண்டாம். அவர் நன்றாக இருந்தால் போதும்.