எலிக்கும் எங்கள் மூக்கு

என்னை முதல் வரிசையில் உட்காரவைப்பது ஆபத்து. இதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், இப்போது நானும்.

வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை என்றால் என் கடைதான். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒண்டியாளாக உண்டாக்கினேன். ('ஒண்டியாளாக' என்பதை அழுத்தி வாசிக்கவும்.) எங்கள் குடும்ப மூக்கும் என்னைப் போலவே பிரபலம். வாசலில் முதலில் அது நுழையும், பின்னால்தான் நாங்கள்.

மகள் இசக்கி டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். தாய் வயிற்றில் எலிக்குட்டிக்கு முகம் எப்படி உருவாகிறது என்பதுதான் ஆராய்ச்சி. கடைசித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். சொந்தபந்தமும் போகலாம், வந்தவர்களுக்கு வடை, காபி நம் செலவு. விடுவேனா? அண்டா நிறைய வடையோடு தம்பி சுடலையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இசக்கி அப்போது நிறைமாதம். "அப்பா, நீங்க வாயவே தொறக்கக் கூடாது. வெளியூர்லருந்து கேள்வி கேக்க வந்திருக்கவரு ரொம்பக் கறார். அவரு சரின்னாத்தான் பட்டம்" என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள்.

அவள் இங்கிலீஷில் பேசப் பேச, ஏசிக் குளிரில் எனக்குக் கண் சொருகிவிட்டது. திடுக்கென்று விழித்தால் திரையில் ஒரு சிசு! பெரிய தலை, மடங்கிய கை, சுருண்ட முதுகு. (ஸ்கேன் படத்தைச் சபையில் காட்டுகிறாளே, என்ன பெருமை அவளுக்கு!) உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"எம் பேரப்பிள்ளை! ஏலே சுடலை, மூக்கைப் பாருலே! அப்படியே நம்ம மூக்கு!"

இசக்கியின் முகம் வெளுத்தது. "அப்பா, அது எலி. ரெண்டு ஜீனை எடுத்துட்டதால அதுக்கு மூக்கே கூடி வரல."

கூரை பறக்கும்படி சிரித்தார்கள். கறார் மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டையும் எடுத்தாதான் ஏன் இப்படி ஆகுது? அதை அப்பாவுக்குத் தமிழ்ல சொல்லும்மா. அவருக்குப் புரிஞ்சா எனக்கு வேற கேள்வி இல்ல."

போச்சு! பிள்ளையின் பட்டம் என் மண்டைக்குள் வந்து மாட்டிக்கொண்டது.

இசக்கி என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப கடை நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"சித்தப்பா ஊருக்குப் போனப்ப?"

"அப்பவும் நடந்துச்சு."

"ரெண்டு பேரும் கல்லிடைக்குறிச்சி கல்யாணத்துக்குப் போனப்ப?"

"பூட்டிக் கிடந்துச்சு."

"அதேதான். அந்த ரெண்டு ஜீனும் கூடப்பிறந்தவங்க மாதிரி. ஒண்ணு இல்லன்னா மத்தது சமாளிச்சிரும். ரெண்டும் இல்லன்னா முகத்தோட ரெண்டு பக்கமும் நடுவுல வந்து சேராது. இப்பச் சொல்லுங்க, கடைய உண்டாக்குனது யாரு?"

மொத்தச் சபையும் என் வாயைப் பார்த்தது. பக்கத்தில் சுடலை வடை மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"நானும்... சுடலையும்."

"சத்தமாச் சொல்லுங்கண்ணே, பின்னால கேக்கலயாம்" என்றான் பாவி.

சத்தமாகவே சொன்னேன். கறார் மனிதர் பேனாவை மூடிவிட்டு மகளுக்குக் கை கொடுத்தார். முதலில் கைதட்டியவன் நான்தான்!

பேத்தி பிறந்தாள். எங்கள் மூக்கேதான், நான் சொன்னால் தப்புமா? ஆனால் என் வீட்டுக்காரி, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எலியா இருக்கப் போவுது" என்கிறாள். கடையிலும் நிம்மதி இல்லை. யாரிடமாவது "ஒண்டியாளா நின்னு..." என்று ஆரம்பித்தால் போதும், கல்லாவிலிருந்து குரல் வரும்: "எத்தன ஜீனு, அண்ணே?"

நான் "ரெண்டு" என்று சொன்ன பிறகுதான் சுடலை பில் போடுகிறான்.