பெரிய டாக்டரின் கணையம்

மனிதன் நிலவில் கால் வைத்ததைப் பெரிய சாதனை என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு மனிதனின் கணையத்துக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்களே, அதன் பக்கத்தில் நிலவு நிற்குமா?

அந்தக் கணையத்தின் சொந்தக்காரர் ஒரு தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க மேசை முன்னால் நிமிர்ந்து நின்று துணி வெட்டுகிற வேலை. சில மாதங்களாகச் சாப்பிட்டு எழுந்தால் போதும், மேல்வயிற்றில் இறங்குகிற கத்தி முதுகு வழியாக வெளியே வரும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். ஆகவே, “என்னைத் தையல் மெஷின்ல உட்கார வெச்சிடுங்க முதலாளி” என்று கேட்டுப் பார்த்தார்.

முதலாளி நியாயஸ்தர். “குனிஞ்சா போயிடற வலியை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்ல. நடிக்காதே. நோய்க்குப் பேர் எழுதி வாங்கிட்டு வா, ஸ்டூல் தர்றேன். இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்.”

ஆக, மாஸ்டருக்கு வேண்டியிருந்தது ஒரு பேர். அதன் பின்னால் ஒரு ஸ்டூல்.

சாதாரண ஸ்கேன் எல்லாம் ‘நார்மல்’ என்று கைவிரித்துவிட்டன. மிச்சமிருந்தது புதுக் கருவி. அது வாய் வழியாக இறங்கி, இரைப்பைக்குள் நின்றுகொண்டு, சுவரில் காதை வைத்து, அடுத்த வீட்டுக் கணையத்தின் சங்கதிகளை ஒலி அலையால் ஒட்டுக் கேட்டுத் திரையில் படமாகக் காட்டும். எந்தக் கருவியும் இல்லாமல் இதையே செய்கிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்குப் படம் காட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

வெள்ளைப் புள்ளி, வெள்ளைக் கோடு, தேன்கூடு மாதிரி கட்டம், குழாய் ஓரத்தில் வெளுப்பு என்று கணையத்தில் தேடவேண்டிய அடையாளங்கள் ஒன்பது. ஐந்து தேறினால் நாள்பட்ட அழற்சி. தேறாவிட்டால் ஆரோக்கியம். ரொம்பக் கறாரான பரீட்சை. விடைத்தாள் ஒன்றுதான், மார்க் மட்டும் திருத்துகிறவரைப் பொறுத்தது.

சோதனை முடிந்து மயக்கம் தெளிந்த மாஸ்டர் திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி. சீலைக்கு அந்தப் பக்கம் டாக்டர்களின் கூட்டம்.

“அஞ்சு” என்றார் பெரிய டாக்டர். மேசையில் முழங்கைகளை ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். வருடக்கணக்காக அவர் உட்காருவதே அப்படித்தான். ஆழ்ந்த சிந்தனை என்று மருத்துவமனை மரியாதை செய்தது. வரவேற்பறையில் மாட்டியிருந்த படத்திலும் அதே குனிவு.

“எனக்கு மூணுதான் சார் தெரியுது” என்றார் சின்ன டாக்டர்.

“அந்தக் கோடு?”

“கோடு மாதிரி இருக்கு சார். கோடுதானான்னு தெரியல.”

“சரி, கூட்டத்தையே கேட்டுடுவோம். இது கோடுன்னு நினைக்கறவங்க கை தூக்குங்க.”

பெரிய டாக்டரின் கை எழுந்தது. மற்ற கைகளுக்கும் உடனே கோடு தெரிந்துவிட்டது. சின்ன டாக்டரின் கை மட்டும் பாக்கெட்டிலேயே இருந்தது.

“என்னங்க, கோடு ஜெயிச்சிடுச்சு” என்று கிசுகிசுத்தாள் மனைவி.

“ஸ்டூல் கிடைச்சிடுமா?”

“சும்மா படுங்க. இன்னும் புள்ளி பாக்கி இருக்கு.”

புள்ளிக்கும் சின்ன டாக்டரின் கை எழவில்லை. பெரிய டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “சுத்தமான கணையத்தை நீ பார்த்ததே இல்ல. அதான் உனக்கு வித்தியாசம் தெரியல. வா, என்னோடதைப் பாரு!”

இறந்த பிறகு அறிவியலுக்கு உடலைக் கொடுத்தவர்கள் பலர். கீழே வேலை பார்ப்பவருக்குப் பாடம் புகட்ட உயிரோடு கொடுத்தவர் இவர் ஒருவரே. வெறும் வயிறு வேண்டும் என்பதிலும் சிரமம் இருக்கவில்லை. பகலில் அவர் சாப்பிடுவதே இல்லை. சாப்பிட்டால் சிந்தனை அதிகமாகிவிடுகிறது என்பார்.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “பார்த்தியா?”

“பார்த்தேன் சார். ரொம்பத் தெளிவா இருந்துச்சு.”

“எத்தனை?”

“இன்னொரு தடவை வேணும்னா…”

“எத்தனைய்யா?”

“ஆறு சார்.”

“அவருக்கு ஆறாம்” என்று சீலைக்குப் பின்னால் மாஸ்டரிடம் கிசுகிசுத்தாள் மனைவி.

“கை தூக்கச் சொல்லலாமா சார்?” என்று பணிவாகக் கேட்டார் சின்ன டாக்டர். கூட்டத்தில் தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒருவர்கூட அவசரமாகக் கையைக் கீழே இறக்கினார்.

பெரிய மனிதர்கள் சோதனையில் துவண்டுவிடுவதில்லை, சோதனையைத் திருத்துகிறார்கள். அன்று மாலையே சிறப்புக் கூட்டம். “கணையத்துக்கும் வயசாகும். தலை நரைச்சா நோயா? அதெல்லாம் அனுபவம்” என்றார் பெரிய டாக்டர். இனிமேல் ஏழு தேறினால்தான் நோய் என்று முடிவாயிற்று. ஏழு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆறுக்கு அடுத்தது ஏழு என்பது படித்தவர்களுக்குத் தெரியாதா?

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே ஐந்தே வாங்கிய மாஸ்டரும் பூரண ஆரோக்கியவான் ஆனார். பெரிய டாக்டரைவிட ஒரு அடையாளம் கூடுதலான ஆரோக்கியம்.

மறுநாள் மாஸ்டரும் மனைவியும் பெரிய டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். ‘நோய் ஏதுமில்லை. நின்று வேலை செய்யத் தகுதியானவர்’ என்று டைப் செய்த தாள் தயாராக இருந்தது.

“ஆனா வலிக்குதே சார்” என்றார் மாஸ்டர்.

“வலிக்கும். ஆனா நோய் இல்ல.”

“இதை எடுத்துட்டுப் போனா என் வேலை போயிடும் சார். சரி, நேத்து அஞ்சுன்னு சொன்னீங்களே…”

“அது நேத்து. விதிமுறை மாறிடுச்சு. அஞ்சு, ஆறெல்லாம் இப்ப ஒண்ணுமே இல்ல. மனசை லேசா வெச்சுக்கங்க.”

கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். அது மேல் அலமாரியில் இருந்தது. எடுக்க நிமிர்ந்தவர் பாதியிலேயே “அம்மா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் மடங்கி விழுந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

மாஸ்டர் பதறிப்போய்த் தாங்கப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நடிக்காதீங்க டாக்டர்” என்றாள். “உங்களுக்கு ஆறுதான்.”