மூன்றாவது கியர் எனக்கு மட்டும்

எங்கள் காரின் கியர் ராடு பதினோரு திசைகளில் ஆடும். சும்மா சொல்லவில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறேன். கிடங்கில் முப்பத்தோரு வருஷம் மூட்டை எண்ணியவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது, எண்ணிக்கை நிற்கவில்லை.

அந்தப் பதினொன்றில் ஆறு திசைகளில் கியர் இருக்கிறது. மீதி ஐந்தில் ஒன்றும் கிடையாது. சும்மா போய்விட்டு வரும், சில உறவினர்களைப் போல.

எல்லாவற்றிலும் கடினம் மூன்றாவது கியர். இரண்டிலிருந்து எடுத்து, நடுவில் நிறுத்தி, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மேலே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் குழந்தை அலறும். தெருவே திரும்பிப் பார்க்கும். ஒருமுறை மெக்கானிக்கே ஓட்டிப் பார்க்கிறேன் என்று தெருமுனை தாண்டிப் போனார். போன வண்டி இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு திரும்பி வந்தது.

"கியருக்கு அடியில இருக்கிற புஷ் எல்லாம் தேஞ்சு போச்சுய்யா. மாத்திடலாமா?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். அன்று எனக்கு வந்த பெருமை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

கியர் ஆடத் தொடங்கிய ஆறு வருஷத்தில் அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் வேண்டாம் என்றேன். அதற்கு இரண்டு காரணங்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

முதலாவது, அந்தக் காரை இந்த உலகத்தில் ஓட்டக்கூடிய ஒரே மனிதன் நான். வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சிம்மாசனம் அந்த டிரைவர் சீட். டேஷ்போர்டில் ஐந்து விதிகளை என் கைப்பட எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்று, கதவை மெல்லச் சாத்தவும். இரண்டு, காலைத் தட்டிவிட்டு ஏறவும். மூன்று, கண்ணாடியைத் தொடக்கூடாது. நான்கு, ஓட்டுபவரிடம் பேசக்கூடாது. ஐந்து, ஓட்டுபவர் முடிவே இறுதி முடிவு. சமையலறையில், கூடத்தில், பீரோவில் என் பேச்சு எடுபடாது. அந்த நான்கு கதவுகளுக்குள் எடுபடும்.

இரண்டாவது காரணம் என் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை. அவள் வீடு முப்பத்தெட்டு கிலோமீட்டர். நல்ல பெண். ஆனால் அந்த வீட்டில் ஒன்பது பேர். நான் நுழைந்ததும் ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் "வாங்க வாங்க" என்பார்கள். எனக்குக் கூச்ச சுபாவம். ஒன்பது பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிடும். அதனால் மனைவி கேட்கும்போதெல்லாம், "இந்தக் கியரை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரமா?" என்பேன். பஸ்ஸில் போனால் இரண்டு மாற வேண்டும். தங்கையோடு உட்கார்ந்து பேச அரை மணிதான் மிஞ்சும். போன வருஷம் மச்சினிக்குக் கால் முறிந்தபோதுகூட இவள் ஒரே ஒரு நாள்தான் பஸ்ஸில் போய் வந்தாள். அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

இப்படி இருக்கையில் ஒரு காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்தக் காரைக் குடுத்துட்டு வேற வாங்கலாமா?"

"ஏன், இதுக்கு என்ன?"

"இப்ப கியரே இல்லாத கார் வருதாமே. மிதிச்சா போகுமாம்."

"கியர் இல்லாட்டி அது காரா? நாலு சக்கரம் வச்ச மிக்ஸி."

"எதிர்வீட்டுத் தையல்காரர்தான் சொன்னாரு. ரொம்ப சுலபமாம். யார் வேணும்னாலும் ஓட்டலாமாம்."

யார் வேண்டுமானாலும்! காபி எனக்கு மூக்கு வழியாக வந்தது.

"அதெல்லாம் வேணாம். இதையே சரி பண்ணிடலாம்."

"அப்ப மெக்கானிக்கை வரச் சொல்லட்டுமா?"

"மெக்கானிக் எதுக்கு? நான் பண்றேன்."

"உங்களால முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"குனிஞ்சா நிமிர முடியல, கியரைப் பிரிக்கப் போறாராம். முடியாதுங்க. சொன்னாக் கேளுங்க, முடியாது."

மத்தியானத்துக்குள் நான்கு முறை முடியாது என்றாள். நான்காவது முறை சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷமாக வீட்டில் எல்லாவற்றையும் எண்ணுகிற நான், அந்தச் சிரிப்பை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டேன்.

சபதம் எடுத்தேன். கூடவே கணக்கும் போட்டேன். கியர் சரியானாலும் முதல் காரணத்துக்குப் பங்கம் வராது. பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள், வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. இரண்டாவது காரணத்துக்கு டயர் இருக்கிறது. டயர் சரியில்லை என்று இன்னும் ஆறு வருஷம் ஓட்டலாம்.

உதிரிபாகக் கடைக்கு அவளும் வருகிறேன் என்றாள். கிளம்பும்போது அவள் செருப்பைக் கவனித்தேன். இடது செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்திருந்தது. வலது புதிதாக இருந்தது. நாற்பத்தோரு நாளாகக் காலையில் நடைப்பயிற்சி என்று போகிறாள்.

"நடந்தா ரெண்டும்தானே தேயணும்?"

"நான் கொஞ்சம் சாஞ்சு நடக்கறேன் போல."

பாவம் என்று நினைத்து, அன்றே இடது செருப்புக்கு ஒரு ரப்பர் துண்டு ஒட்டிக் கொடுத்தேன். என் முட்டாள்தனத்துக்கு நானே அடி போட்டது அன்றுதான்.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார். "உங்க வண்டிக்குக் கம்பெனி பார்ட் இப்ப வர்றதில்லைய்யா. இது வெளி பார்ட். ஆனா கம்பெனியைவிட நல்லா உழைக்கும். கியர் லீவர் ரெண்டு மாதிரி, நெட்டை ஒண்ணு குட்டை ஒண்ணு. புஷ்ஷும் ரெண்டு மாதிரி, கெட்டி ஒண்ணு மெது ஒண்ணு."

"நெட்டை, கெட்டி" என்றேன்.

"குட்டைதான் பார்க்க லட்சணமா இருக்கு" என்றாள் மனைவி. "கெட்டின்னா கை வலிக்காதா?"

"என் கை இரும்பு."

"இரும்புதான். துருப்பிடிக்கிற வயசு வந்தாச்சுல்ல."

கடைக்காரர் பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். குட்டையும் மெதுவும் வீட்டுக்கு வந்தன.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. வாசலில் பழைய போர்வையை விரித்தேன். பதினான்கு பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்து எண் போட்டேன். கழற்றுகிற ஒவ்வொன்றும் அதனதன் மூடியில். ஸ்க்ரூ ஏழு. போல்ட் நான்கு. கிளிப் இரண்டு. ஸ்பிரிங் ஒன்று. லீவரின் அடியில் மோதிரம்போல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் வளையத்துக்குத்தான் புஷ் என்று பெயர். பழைய புஷ்ஷைத் தொட்டதும் ரஸ்க் தூள்போல உதிர்ந்தது. ஆறு வருஷமாக என் சிம்மாசனத்தைத் தாங்கியது அந்தத் தூள்தான். ஒரு நிமிஷம் மரியாதையாக நின்றேன்.

புது புஷ் நான்கையும் கிரீஸ் தடவி அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தன. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மேலே மாட்டும் குமிழில் பெரிது, சிறிது என்று இரண்டு இருந்தன. பிடித்துப் பார்க்கப் போனேன். மனைவி அலறினாள்.

"ஐயோ, கை பூரா கிரீஸு! புதுக் குமிழை நாசம் பண்ணாதீங்க. என் கையில அளந்துக்கோங்க."

நியாயம்தானே? அவள் உள்ளங்கையில் வைத்து அளந்தேன். சிறியது கச்சிதமாக இருந்தது. அதையே மாட்டினேன்.

அடுத்தது லீவரை இன்ஜின் பக்கத்தோடு இணைக்கும் கேபிள். உள்ளே ஒருவர் கியரைப் பிடித்துக்கொள்ள, வெளியே ஒருவர் பானெட்டுக்கு அடியில் அளவு வைக்க வேண்டும்.

"நான் உக்காந்து பிடிச்சுக்கட்டுமா?" என்றாள்.

"உக்காரு. எதையும் தொடாதே."

"சீட்டை முன்னால தள்ளிக்கிறேங்க. எட்டல." டிக், டிக், டிக், டிக். சீட் நான்கு பல் முன்னால் நகர்ந்தது.

"கிளச்சை மிதிக்கணும். கிளச்னா என்னன்னு தெரியுமா?"

"இதுவா?"

"அது பிரேக்!"

"ஓ! அப்ப இதுவா?"

"அது ஆக்சிலேட்டர்! இடது ஓரத்துல இருக்கு பாரு."

"எனக்கென்னங்க தெரியும், நான் என்ன டிரைவரா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். நான் பானெட்டுக்குள் தலையை விட்டு கேபிளைத் திருகத் திருக, உள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம்... மூணு உரசுது... அரைத் திருகு திருப்புங்க... ஆங், இப்ப வெண்ணெய்!"

கிளச் தெரியாதவளுக்கு மூன்று உரசுவது எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வி எனக்கு ஆறு நாள் கழித்துத்தான் வந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரர் கியரைச் சுற்றிப் போடத் தோல் உறை தைத்து வந்தார்.

"அளவு குடுக்கவே இல்லையே?" என்றேன்.

"அக்கா போன வாரமே குடுத்துட்டாங்க சார். குட்டை லீவருக்கு."

போன வாரம் லீவரே வாங்கவில்லை. ஆனால் உறை அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. அழகு வந்துவிட்டால் ஆராய்ச்சி எங்கே வரும்?

பதினான்கு மூடியும் காலி. ஒரு ஸ்க்ரூ மிச்சமில்லை. தனியாக நான்கு தெரு சுற்றினேன். ஐம்பத்திரண்டு முறை கியர் மாற்றினேன். ஒரு உரசல் இல்லை. பதினோரு திசை ஆறாகிவிட்டது. மூன்றாவது கியருக்கு ஒன்று இரண்டு எண்ணவே வேண்டியதில்லை. நினைத்தாலே விழுந்தது.

அடுத்த ஞாயிறு காலை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனைவிதான் கூப்பிடச் சொன்னாள். "நாலு பேருக்குத் தெரியட்டுமே உங்க கைவேலை" என்றாள். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் பண்ணியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது."

தையல்காரர் கை தட்டினார். கூச்சத்தில் நான் தரையைப் பார்த்தேன். ஆனால் காது இரண்டும் திறந்திருந்தன. இன்னும் சொல்லட்டும் என்றுதான் இருந்தது.

மெக்கானிக் சொன்னார். "இனிமே இந்த வண்டியை யார் வேணும்னாலும் ஓட்டலாம்."

"அது போதும்" என்று ஒரு குரல். மனைவி. வெளியூர் போகும் புடவை. ஒரு கையில் பை. இன்னொரு கை என் முன்னால் நீண்டிருந்தது.

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"தங்கச்சி வீட்டுக்கு. சொல்லியாச்சு, காத்துக்கிட்டு இருப்பாங்க."

"டயர்..."

"பாத்தாச்சு. நல்லா இருக்குன்னு இவரே சொல்லிட்டாரு."

மெக்கானிக் வானத்தைப் பார்த்தார்.

"யாரு ஓட்டுறது?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். லைசன்ஸ். அவள் போட்டோ, அதே சிரிப்போடு. நாற்பத்தோரு நாள் நடைப்பயிற்சி பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூலில் போய் முடிந்திருக்கிறது. இடது செருப்பு எந்தக் கிளச்சில் தேய்ந்தது என்று அப்போது புரிந்தது.

"வாத்தியார் எல்லாம் நல்லா வருதுன்னாரு. ஆடுற கியர் வண்டியில மட்டும் ஏறாதீங்கன்னுட்டாரு. நான் என்ன பண்றது? நீங்க மெக்கானிக்கை விட மாட்டீங்க. அதான் உங்களையே விட்டேன்."

சீட்டில் உட்கார்ந்தாள். டிக், டிக், டிக், டிக். எண்ணக்கூட இல்லை, நான்கு பல் சரியாகத் தள்ளினாள். கை தானாகக் குமிழில் போய் அமர்ந்தது. குட்டை லீவர், மெது புஷ், சின்னக் குமிழ். எல்லாம் அவள் கைக்கு அளவெடுத்து நானே தைத்துக் கொடுத்த சட்டை.

பக்கத்து சீட்டில் ஏறினேன். கார் வாங்கிய பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை. கதவை மெல்லச் சாத்தினேன்.

"அக்கா, பாத்துப் போயிட்டு வாங்க!" என்றார் தையல்காரர். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி புறப்பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று வரும் நேரம். வாயைத் திறந்தேன். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலால் டேஷ்போர்டைத் தட்டினாள். நான்காவது விதி. வாயை மூடிக்கொண்டேன். மூன்று வெண்ணெயில் கத்திபோல இறங்கியது.

முப்பத்தெட்டு கிலோமீட்டர். நூற்றுப் பதினாறு கியர் மாற்றம். ஒரு உரசல் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், பாதி வழியில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஓட்டியது அவளானாலும் கியர் என்னுடையது.

வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். "வாங்க வாங்க!" மச்சினி கம்பூன்றி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நெடுநேரம் விடவில்லை. நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடித்தேன். சட்டை நனைந்தது. ஆனாலும் பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

மாலை ஐந்து மணிக்கு மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லக் கேட்டேன்.

"கிளம்பலாமா?"

"நாலு நாள் இருந்துட்டுத்தான்."

"நாலு நாளா! யாரு முடிவு பண்ணது?"

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். டேஷ்போர்டிலிருந்து கிழியாமல் பிரித்து எடுத்திருந்தாள். 'ஓட்டுபவர் முடிவே இறுதி முடிவு' என்ற ஐந்தாவது விதியில் விரலை வைத்தாள்.

குண்டு குண்டாக, ஒரு பிழை இல்லாமல், என் கையெழுத்து.